ஆரஞ்சுப் பையோடு வந்தவர்

போன வாரம் எங்கள் தன்லியின் ஊர்ப் பாலத்தருகே என்னை இடித்த காரின் சொந்தக்காரர், இன்று ஆரஞ்சுப் பழப் பையோடு வீட்டுக்கு வந்தார்.

கட்டுப்போட்ட கையைக் காட்டி, "நஷ்டஈடு குடுங்க, இல்லன்னா கேஸ் குடுப்பேன்" என்றேன்.

"தாராளமா குடுங்கக்கா" என்று சிரித்தார். கண் மட்டும் வாசலில் கிடந்த பெரிய செருப்பின் மேல் இருந்தது. "போலீஸ் வந்து வீட்டுல எல்லாரையும் விசாரிப்பாங்க. உங்க பையனுக்கு இப்ப என்ன வயசு?"

வயசுப் பையன்களைப் பட்டாளத்துக்குக் கட்டாயமாகப் பிடித்துக்கொண்டு போகிற காலம். உள்ளறையில் மகன் இருமலை அடக்குவது கேட்டது.

"கேஸெல்லாம் வேணாங்க. கை தானா ஆறிடும்."

அவர் போய்விட்டார். பழத்தைத் தொடவே பயமாக இருக்கிறது.

உடைந்த எலும்பு சேர வைத்தியம் தெரிந்தவர்கள் கமெண்டில் சொல்லுங்கள். மகன் வயதை மட்டும் யாரும் எழுதிவிடாதீர்கள்.