அட்டையில் இருந்த பாதி வசனம்

மங்கலம் அக்காவைப் பற்றிச் சபை இதழில் யாராவது எழுத வேண்டும் என்று பெண்கள் சங்கத்தில் பேச்சு வந்தபோது, எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அக்கா வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். எழுந்து பேசச் சொல்லாமல் எழுதச் சொன்னதால் ஒத்துக்கொண்டேன்.

அக்கா மஞ்சக்குப்பத்தில் ஒரு நர்சரிப் பள்ளியில் ஆயா. கடைசிப் பிள்ளையை வேனில் ஏற்றிவிட்ட பிறகுதான் எங்கள் முதுநகருக்குப் பஸ் பிடிப்பார். அவர் கணவர் சாமிக்கண்ணு அண்ணன் துறைமுகத்துப் பக்கம் ஐஸ் கம்பெனியில் வேலை பார்த்தார். எங்கள் ஆலயத்தில் ஞாயிறுதோறும் வேதபாடம் வாசித்தவர் அவர்தான். மைக் வேலை செய்யாவிட்டாலும் கடைசி பெஞ்சு வரை கேட்கும் குரல். வீட்டிலும் வேலைக்குக் கிளம்பும் முன் ஓர் அதிகாரம் சத்தமாக வாசிப்பார். அக்கா மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்டவர். அடுப்படியில் நின்றபடி கேட்டுக்கொள்வார். அவருக்கு வேதம் என்றால் அண்ணனின் குரல்தான். சுவருக்கு இந்தப் பக்கம் எங்களுக்கும் அதுவே காலை ஜெபம்.

மூன்று வருடத்துக்கு முன் அண்ணனுக்குப் பக்கவாதம் வந்தது. கை கால் ஓரளவு திரும்பிவிட்டது, பேச்சு திரும்பவில்லை. சொல்ல நினைப்பது கண்ணில் தெரியும், வாய்க்கு வராது. வேதப்புத்தகத்தை எடுத்து மடியில் வைத்துக்கொள்வார். உதடு இரண்டு மூன்று முறை திறந்து மூடும். பிறகு புத்தகத்தை மூடிவிட்டுச் சுவர் பக்கம் திரும்பிக்கொள்வார். அந்த வீட்டில் காலை நேரம் ஊமையாகிவிட்டது.

அடுத்த புத்தாண்டு ஆராதனையில் எப்போதும்போல் வாக்குத்தத்த அட்டைகளைத் தட்டில் கவிழ்த்து வைத்தார்கள். குடும்பத்துக்கு ஒருவர் ஜெபம் பண்ணி ஓர் அட்டை எடுக்க வேண்டும். அந்த வசனம்தான் வருடம் முழுக்க அந்த வீட்டுக்கு. அக்கா எடுத்த அட்டையைப் போதகரம்மா வாசித்துச் சொன்னார்: அது நிச்சயமாய் வரும், தாமதிப்பதில்லை.

அக்காவுக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. கர்த்தர் செய்த நன்மையைச் சபையில் சாட்சியாகச் சொல்லும் நேரத்தில் முதல் ஆளாக எழுந்தார்.

"வர்ற அறுப்புப் பண்டிகைக்கு எங்க வூட்டுக்காரரே இங்க நின்னு வேதபாடம் படிப்பாரு. கர்த்தர் சொல்லிட்டாரு. இப்பவே ஸ்தோத்திரம் சொல்லிக்கிறேன்."

எல்லோரும் ஆமென் சொன்னோம். அண்ணன் மட்டும் குனிந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த வருடம் சனிக்கிழமைகளில் அக்கா அவரை ரயிலில் சிதம்பரத்துக்கு அழைத்துப் போனார். அங்கே பெரிய ஆஸ்பத்திரியில் இளமதி என்ற பெண் பேச்சுப் பயிற்சி கொடுத்தார். அண்ணனுக்கு 'ம்' வந்தது, 'ஆ' வந்தது. சொல் வரவில்லை. பண்டிகை நெருங்க நெருங்க அக்கா அவசரப்பட்டார். "எங்க, ஒரே ஒரு வார்த்தை" என்று கெஞ்சுவது சுவர் வழியாக எனக்குக் கேட்கும். பிறகு தட்டு நகரும் சத்தம். அண்ணன் சாப்பாட்டைத் தள்ளிவிட்டார் என்று அர்த்தம்.

பண்டிகை வந்தது. வேதபாடத்தை வேறொருவர் வாசித்தார். ஆராதனை முடிந்து காணிக்கையாக வந்த காய்கறிகளை ஏலம் விடும்போது, அண்ணனின் தங்கை ஒரு பூசணிக்காயைத் தட்டிப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"இன்னா அண்ணி, கர்த்தர் தேதிய மாத்திட்டாரா? உங்களாண்ட சொல்லவே இல்லியா?"

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அக்கா ஏலம் முடியும்வரை நிற்காமல் அண்ணனைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். அதன்பின் ஆலயத்துக்கு வருவது நின்றது. சிதம்பரம் போவதும் நின்றது. அட்டையைக் கிழிக்கவில்லை, முகம் பார்க்கும் கண்ணாடிக்குப் பின்னால் செருகிவிட்டார். ஒருநாள் துணி காயப்போடும்போது என்னிடம் சொன்னார்.

"கடவுள போயி பொய் சொல்லிட்டாருன்னு சொல்ல எனக்கு வாய் வரல. அப்ப நான்தானே பொய்க்காரி?"

அவருடைய புடவையின் மறுமுனையைப் பிடித்து உதறிக் கொடுத்தேன்.

ஏன் வரவில்லை என்று இளமதி போன் பண்ணிக் கேட்ட பிறகுதான், மனமில்லாமல் மறுபடி போனார்கள். அன்று இளமதி, அய்யாவுக்கு மனப்பாடமாகத் தெரிந்தது ஏதாவது உண்டா என்று விசாரித்திருக்கிறார். பைபிள் பாதி தெரியும் என்று அக்கா சொல்ல, அப்படியானால் தினமும் அதைப் பக்கத்தில் உட்கார்ந்து வாசியுங்கள், அவர் கூடவே வாயசைக்கட்டும், பழகிய வரியில் சிலருக்குச் சொல் தானாக வரும் என்றாராம்.

"நானா? பஸ்ஸு நின்னாதாம்மா எனக்கு போர்டே படிக்க வரும்."

"அய்யா எங்க ஓடிடப் போறாரு? மெதுவா படிங்க. ஆனா வரும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேம்மா."

அந்தக் கடைசி வார்த்தைதான் பிடித்துப்போனது என்று அக்கா பின்னால் சொன்னார். தேதி சொல்லாத ஆள் ஒருத்தி கிடைத்தாள் என்றார்.

பள்ளியில் பிள்ளைகள் தூங்கும் நேரத்தில் சத்யப்பிரியா டீச்சர் அக்காவுக்கு எழுத்துக்கூட்டக் கற்றுக்கொடுத்தார். காலையில் சுவருக்கு அந்தப் பக்கம் மறுபடி சத்தம் கேட்க ஆரம்பித்தது. அதிகாரம் இல்லை, இரண்டு வரிதான். அந்த இரண்டு வரிக்குள் எங்கள் வீட்டில் சட்னி அரைத்து முடித்துவிடலாம். அண்ணனின் உதடு அசைவதாக அக்கா சொன்னார். குரல் மட்டும் வரவில்லை. கிறிஸ்துமஸ் வந்து போயிற்று, அக்கா வாசிப்பதை விடவில்லை.

கோடை தொடங்கும் சமயம் ஒருநாள் காலையில் அக்கா கண்ணாடிக்குப் பின்னாலிருந்து அட்டையை எடுத்திருக்கிறார். அந்த வசனம் நிஜமாகவே வேதத்தில் இருக்கிறதா என்று தன் கண்ணால் பார்க்க வேண்டும் அவருக்கு. அடியில் ஆபகூக் என்று போட்டிருந்தது. வேதத்தில் அந்தச் சின்னப் புத்தகம் எங்கே இருக்கிறதென்று அவருக்குத் தெரியவில்லை. அண்ணன் புத்தகத்தை வாங்கி ஒரே தள்ளலில் பக்கத்தை எடுத்துக் கொடுத்துவிட்டார்.

நான் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். அக்கா வழக்கம்போல் விரல் வைத்து எழுத்துக்கூட்டினார். குறித்த காலத்துக்கு என்று தொடங்கிற்று. மெல்ல மெல்ல வந்தவர், "தா... ம... தித்தாலும்" என்று சொல்லி நின்றுவிட்டார். திரும்பவும் வாசித்தார். திரும்பவும் அங்கேயே நின்றார்.

"தாமதிச்சாலும்னு போட்டிருக்குதே. அட்டையில இது இல்லியே" என்றார்.

அப்புறம் இன்னொரு குரல் கேட்டது. பூட்டியே கிடந்த கதவைத் தள்ளினாற்போல் கரகரத்த குரல்.

"கா... காத்திரு."

தாமதித்தாலும் அதற்குக் காத்திரு என்றுதான் புத்தகத்தில் இருந்தது.

எங்கள் வீட்டில் தோசை கருகியது. அக்கா கூச்சல் போடவில்லை. இன்னொரு தடவை சொல்லுங்கள் என்று கெஞ்சிக் கேட்டார். அண்ணன் சொல்லவில்லை. விரலால் வரியைத் தட்டினார், மேலே படி என்பதுபோல. அக்கா அழுகையோடு மேலே படித்தார். அது நிச்சயமாய் வரும், தாமதிப்பதில்லை. அட்டையில் இருந்ததும் அப்படியே கடைசியில் இருந்தது.

அதற்குப் பிறகு எல்லாம் ஒரே நாளில் சரியாகிவிடவில்லை. அண்ணன் இன்னும் தேநீர் வேண்டும் என்றால் டம்ளரைத்தான் காட்டுகிறார். ஆனால் தெரிந்த வசனத்தில் அக்கா தடுமாறி நின்றால் அவருக்கு அடுத்த சொல் வந்துவிடும். அக்கா தப்பும் தவறுமாக வாசிப்பதைப் பொறுக்க முடியாமல்தான் வாய் திறக்கிறது என்று அக்காவே கேலி செய்வார்.

போன வருடம் அறுப்புப் பண்டிகைக்குள் அவர்கள் மறுபடி ஆலயத்துக்கு வரத் தொடங்கியிருந்தார்கள்; அன்று வேதபாடம் வாசிக்கப் போதகர் இருவரையும் அழைத்தார். வாசிக்கும் முன் அக்கா சபையைப் பார்த்து, "முன்ன நான் சாட்சி சொன்னது பாதி வசனம். மீதிய இப்பத்தான் படிச்சேன்" என்றார். பிறகு வாசித்தார். அவர் நின்ற இடங்களில் அண்ணன் எடுத்துக் கொடுத்தார். கடைசி பெஞ்சுக்குக் கேட்டிருக்காது. ஆனாலும் ஆலயத்தில் ஒரு குழந்தைகூட அழவில்லை. ஏலத்தின்போது அண்ணனின் தங்கை வந்து அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்கண்ணனுக்கு வாய் வரட்டும்னு ஜெபம் பண்ணா, உங்களுக்கும் சேத்து வந்துடுச்சே அண்ணி. இனிமே எங்க கதி இன்னா?"

அக்கா சிரித்தார். அன்று பூசணிக்காயை ஏலம் எடுத்ததும் அவர்தான்.

இந்தப் புத்தாண்டில் தட்டின் முன் வரிசை நகரவே இல்லை. என்னவென்று எட்டிப் பார்த்தேன். அக்கா எடுத்த அட்டையை வைத்துக்கொண்டு அங்கேயே நின்றிருந்தார். பக்கத்தில் அண்ணன் வேதப்புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். பின்னால் இருந்தவர்கள் நகரச் சொன்னார்கள்.

"இருங்க, மேல கீழ இன்னா இருக்குதுன்னு பாத்துட்டு வர்றேன்" என்றார் அக்கா.

அண்ணன் பக்கத்தைக் கண்டுபிடித்துக் கொடுத்தார்.