வெள்ளாவியில் வைத்த பஞ்சு

அம்மா யாரிடமும் எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. அந்த ஒருமுறைதான் கேட்டாள். அடையாற்றில் நாங்கள் சலவைக்குத் துணி எடுக்கும் ஒரு வீட்டுக்காரர்கள் மாற்றலாகி வடக்கே போகவிருந்தார்கள். கண்ணாடி மீன் தொட்டியை ரயிலில் கொண்டுபோக முடியாது, யாரிடமாவது தள்ளிவிட வேண்டும் என்று அவர்கள் பேசிக்கொண்டிருந்தபோது, மூட்டையோடு வாசலில் நின்ற அம்மா, "எனக்குக் குடுங்கம்மா" என்று சொல்லிவிட்டாள். சொல்லிவிட்டு அவளே பயந்துபோனாள்.

மயிலாப்பூரில் மாட வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில் எங்கள் சலவைக் கடை. முன்னால் தேய்க்கும் மேசையும் துணி அடுக்கும் பலகையும். பின்னால் நாங்கள் குடியிருந்த ஒற்றை அறை. எழுபதுகளின் தொடக்கம் அது. நான் அப்போது நடுநிலைப் பள்ளியில் இருந்தேன். அப்பா வழியிலும் அம்மா வழியிலும் ஆங்கில எழுத்தைக் கூட்டிப் படிக்கத் தெரிந்த முதல் ஆள் நான். இப்போது கல்லூரிக்குப் போய்வருகிறவளாக இதை எழுதும்போதும் எனக்கு அதில் பெருமைதான். அப்போதோ அந்தப் பெருமையால் எனக்குத் தரையே தெரியாது. தெருவில் எந்தப் பலகையைக் கண்டாலும் உரக்கப் படித்துவிட்டுத்தான் நகர்வேன்.

தொட்டி கை வண்டியிலும், மீன்கள் எவர்சில்வர் தூக்கிலுமாக வந்து சேர்ந்தன. தொட்டியை வைக்க இடம் கடையின் முகப்பில் மட்டுமே இருந்தது. அப்பா அதைச் சுற்றிவந்து பார்த்தார்.

"இன்னாமே, இது சலவக் கட. போற வர்றவன் கண்ணு மொதல்ல இதுலதான் வுழும். தண்ணி கலங்கிச்சுன்னு வெச்சுக்க, தண்ணியே வெளுக்கத் தெரியாதவன் என் வேட்டிய இன்னாத்த வெளுக்கப் போறான்னு கேப்பான். அன்னிக்கே தூக்கி யார்னா கையில குடுத்துடுவேன், ஆமா."

"கலங்காது" என்றாள் அம்மா.

"எப்பிடிச் சொல்ற?"

"கலங்காதுன்னா கலங்காது."

தண்ணீரைத் தெளிவாக வைத்திருக்கும் பில்டர், வண்டி குலுங்கியதில் உடைந்துபோயிருந்தது. அதனால் அந்த ஞாயிற்றுக்கிழமை மூவரும் பஸ் ஏறி மூர் மார்க்கெட்டுக்குப் போனோம். பெட்டியில் இருக்கும் ஆங்கிலத்தைப் படிக்க நான். பணத்தை எடுத்து நீட்ட அப்பா. அம்மா எதற்கென்று யாரும் கேட்கவில்லை. நல்ல புடவை கட்டிக்கொண்டு முதல் ஆளாக வாசலில் நின்றாள்.

கிளிக் கூண்டுகளுக்கும் புறாக் கூண்டுகளுக்கும் நடுவே மீன் விற்கும் பாயின் கடை இருந்தது. அவர் இரண்டு பில்டர்களை எடுத்து எங்கள் முன்னால் வைத்தார். ஒன்று, ஓட்டைகள் போட்ட தட்டு. அதைத் தொட்டியின் அடியில் வைத்து மேலே மணலைப் பரப்ப வேண்டும். காற்றுக் குழாய் தண்ணீரை மணல் வழியாக இழுக்கும், அழுக்கெல்லாம் மணலுக்குள் இறங்கி அங்கேயே தங்கும். மற்றது சிறிய பிளாஸ்டிக் பெட்டி. உள்ளே கரி, கரிக்கு மேலே நைலான் பஞ்சு. தொட்டியின் மூலையில் அது பாட்டுக்கு உட்கார்ந்திருக்கும். அழுக்குப் பஞ்சில் பிடித்துக்கொள்ளும்.

"தட்டு வாங்கிக்க தம்பி. வெச்சோமா, மறந்தோமான்னு கெடக்கும்" என்றார் பாய்.

அப்பாவுக்கு முகம் மாறியது. "அழுக்க மண்ணுக்கடில ஒளிச்சு வெக்கச் சொல்றியா? கறைய உள்பக்கமா மடிச்சு, வெள்ளைய மேல வெச்சுக் குடுக்கற ஆளுங்க கீறாங்க பாய். நான் அந்த ஆளு இல்ல. அழுக்குன்னா எடுத்துப் பாக்கணும், தொவைக்கணும்."

"அப்போ பெட்டி எடுத்துக்க."

"இந்தக் கரி எதுக்கு?"

"கரிதான் தண்ணிய வெளுக்கும்."

தேய்க்கும் பெட்டியிலிருந்து ஒரு கரித்துகள் பறந்து வெள்ளைச் சட்டையில் விழுந்தால் அன்றைக்கெல்லாம் சாப்பிடாமல் இருக்கக்கூடியவர் அப்பா. அவர் அந்தக் கரியை எடுத்து முகர்ந்தே பார்த்தார். நான் பெட்டியின் மேலிருந்த ஆங்கிலத்தை முக்கால்வாசி சரியாகப் படித்துக் காட்டினேன். பாய் என் தலையில் கை வைத்து, தன் மகளைக் கூப்பிடுவதுபோல, "நல்லாப் படி பேட்டி" என்றார். பிறகு, காசை வாங்கிக்கொண்டே அப்பாவிடம் சொன்னார்: "ஒண்ணு சொல்றேன், ஞாபகம் வெச்சுக்க. பஞ்ச ரொம்பத் தொவைக்காத. பழுப்பேறட்டும். அந்தப் பழுப்புதான் மீனக் காப்பாத்தும். அழுக்கு ரொம்ப அடைச்சா, தொட்டித் தண்ணில லேசா அலசிப் போடு, போதும்."

"அழுக்கு காப்பாத்துமா. பாய், நான் பொறந்ததுலேர்ந்து அழுக்கோடதான் கீறேன். ஒரு நாளும் அது எனக்கு ஒத்தாசை பண்ணதில்ல."

பஸ்ஸில் வரும்போதும் அப்பா தனக்குத்தானே சிரித்துக்கொண்டு வந்தார். சலவைக்காரனைப் பார்த்து ரொம்பத் தொவைக்காதே என்று சொன்ன ஆளை அவர் அதுவரை பார்த்ததில்லை. அம்மா சிரிக்கவில்லை. ஜன்னல் பக்கம் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

தொட்டியில் தண்ணீர் நிரம்பி, தொட்டியோடு வந்த காற்றுப் பம்ப் கொர்ரென்று ஓடி, குமிழிகள் மேலே வந்தபோது சந்தே வந்து பார்த்தது. கறுப்பு மோலிகள், வாலில் வாள் முளைத்த ஆரஞ்சு மீன்கள். வழக்கமாகத் துணியை வாசலிலிருந்தே கொடுத்துவிட்டுப் போகிறவர்கள், குழந்தைகள் இழுத்த இழுப்பில் கடைக்குள் ஏறி நின்றார்கள். அம்மா தேய்த்துக்கொண்டே ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருப்பாள். கூட்டம் போனபின், தேய்க்கும் பெட்டியில் கரி கனியும்வரை, தொட்டிக்கு முன்னால் குந்திக்கொண்டு மீன்களையே பார்த்திருப்பாள். அவள் வேலையில்லாமல் உட்கார்ந்திருந்து நான் கண்ட இடம் அது ஒன்றுதான்.

நாலைந்து நாளில் பஞ்சு லேசாக நிறம் மாறியது. அப்பா அதை எடுத்துச் சவுக்காரம் போட்டுக் கசக்கி, பிளீச்சிங் பவுடரில் ஊறவைத்து, மூட்டைத் துணிகளோடு வெள்ளாவியிலும் ஏற்றி இறக்கினார். போதாததற்கு ஒரு சொட்டு நீலம். மல்லிகைப்பூப் போல வந்த பஞ்சை எல்லோருக்கும் காட்டிவிட்டுப் பெட்டியில் வைத்தார். மறுநாள் காலையில் இரண்டு மோலிகள் மல்லாந்து மிதந்தன.

மருந்து வாடை இருந்திருக்கும் என்று அடுத்தமுறை பிளீச்சிங் இல்லாமல் சவுக்காரம் மட்டும் போட்டார். அப்புறம் வெறும் வெந்நீர். கரியையும் விடவில்லை, அதையும் தேய்த்துக் கழுவினார். தண்ணீர் கண்ணாடிபோல இருந்தது. மீன்கள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டிருந்தன.

எதிர்வீட்டு மாமி ஒருநாள் புடவை வாங்க வந்தவர், மூக்கைப் பொத்திக்கொண்டார். "ஏண்டாப்பா, கார்த்தால கடையைத் திறந்தா செத்த மீன்னு எங்காத்துக் குழந்தைகள் சொல்லிண்டிருக்குகள். இதையெல்லாம் எதுக்கு வாசல்ல வெச்சுண்டு?"

அவர் போனதும் அப்பா தேய்க்கும் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு அம்மாவைப் பார்த்தார். "மிச்சம் கீறத பாய்கிட்டயே திருப்பிக் குடுத்துட்டு வந்துடறேன். அதுங்களாவது பொழைக்கட்டும்."

அம்மா மடித்துக்கொண்டிருந்த வேட்டியை மடித்து முடித்தாள். "இனிமே பஞ்ச நான் தொவைக்கிறேன். நீ தொடாத. அதுக்கப்புறமும் ஒரு மீன் செத்துச்சுன்னா நானே கொண்டுபோய்க் குடுத்துட்டு வரேன்."

அதன்பிறகு ஒரு மீனும் சாகவில்லை. தண்ணீரும் தெளிவாகவே இருந்தது. காலையில் கடை வாசல் கொடியில் ஈரப் பஞ்சு வெள்ளைவெளேரென்று தொங்கும். "தெனம் வெளுக்கறோம் சார், அதான் மேட்டரு" என்று அப்பா வாடிக்கைக்காரர்களிடம் சொல்லிக்கொண்டார்.

பள்ளிக்கூடம் இல்லாத ஒருநாள் நான் பார்த்துவிட்டேன். அப்பா மூட்டை எடுக்கக் கிளம்பியதும் அம்மா பெட்டியைத் திறந்தாள். மேலாக ஒரு மெல்லிய வெள்ளைப் பஞ்சு. அதற்குக் கீழே, தேநீர் வடிகட்டிய துணி நிறத்தில், பழைய பஞ்சு. அதைச் சொம்பில் மொண்ட தொட்டித் தண்ணீரில் ஒரு முக்கு முக்கி, அப்படியே திரும்ப வைத்து, வெள்ளையை மேலே மூடினாள். பிறகு நீல டப்பாவுக்குப் பின்னாலிருந்து வேறொரு புதுப் பஞ்சை எடுத்து நனைத்துக் கொடியில் மாட்டினாள்.

எனக்குக் கோபம் வந்தது. பொய் சொல்லலாகாது என்று பள்ளிக்கூடத்தில் தினமும் எழுதிப் பழகியவள் நான். "நைனாகிட்ட சொல்லிடுவேன்" என்றேன்.

"சொல்லு. நாளைக்கே தொட்டிய எடுத்துடுவாரு. அந்தக் காலி எடத்துல நீ உக்காந்து பாடம் படி."

ஆரஞ்சு மீன் ஒன்றின் வயிறு அப்போது பருத்திருந்தது. குட்டி போடப் போகிறது என்று அம்மா சொல்லியிருந்தாள். நான் சொல்லவில்லை. ஆனால் அப்பாவை நினைத்தால் பாவமாக இருந்தது. இப்படி ஏமாந்துபோகிறாரே என்று அவர் தட்டில் என் அப்பளத்தை எடுத்து வைத்தேன்.

வேளச்சேரியில் எங்கு பார்த்தாலும் வயல்தான். அங்கே இருந்த மாமாவின் மனைவிக்குப் பிரசவம் என்று அம்மா போக வேண்டியிருந்தது. போகும்போது தொட்டியைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். இனி அப்பா பெட்டியைத் திறப்பார். எல்லாம் வெளியே வந்துவிடும்.

மறுநாள் காலையில் திறந்தார். வெள்ளைப் பஞ்சைத் தூக்கினார். கீழே இருந்ததைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சொம்பில் தொட்டித் தண்ணீரை மொண்டு, பழுப்புப் பஞ்சை ஒரு முக்கு முக்கி, பெட்டியில் வைத்து, வெள்ளையை மேலே போட்டு மூடினார். நீல டப்பாவுக்குப் பின்னால் கைவிட்டு, தேடாமலேயே, அந்தப் புதுப் பஞ்சை எடுத்தார். நனைத்துக் கொடியில் மாட்டினார். அந்த இடம் அவருக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்க எனக்கு அப்போது தோன்றவே இல்லை.

"நைனா, உள்ள பஞ்சு பழுப்பாக் கீதே" என்றேன். அதற்குமேல் என்னால் அடக்க முடியவில்லை.

"அப்பிடியா? எனக்கு வெள்ளையாத்தான் தெரிஞ்சுது." கையைத் துடைத்துக்கொண்டார். "கண்ணு மங்கிப்போச்சு போல கண்ணு."

பிறகு மாமி வீட்டு வேட்டியை விரித்து, கரையோரத்தில் கடுகளவு இருந்த மைப்புள்ளியைச் சுட்டிக்காட்டி, எலுமிச்சம்பழம் வாங்கிவர என்னை அனுப்பினார்.

அம்மா திரும்பி வந்தபோது தொட்டி நிறையக் குட்டிகள். அவள் அவற்றைப் பார்ப்பதற்குமுன் பெட்டியைத் திறந்து பார்த்தாள். "பஞ்ச யாரு பாத்துக்கினது?"

"நைனாதான். பழசையே திருப்பிப் போட்டுடுச்சு. கண்ணு தெரியலயாம்மா. கண்ணாடி போடணும்."

அப்பா தலை நிமிராமல் தேய்த்துக்கொண்டிருந்தார். அம்மா அவரையே சற்று நேரம் பார்த்தாள். "ஆமா. வாங்கணும்தான்" என்று சொல்லிவிட்டு உலையை ஏற்றப் போய்விட்டாள்.

அந்த வாரமே, அப்பாவோடு லஸ் பக்கம் துணி கொடுக்கப் போனபோது, அவர் கையைப் பிடித்துக்கொண்டு, பார்த்துப் பார்த்து நடத்திக் கூட்டிப்போனேன். வழியில் இருந்த கண் டாக்டர் பலகைகளையும் கண்ணாடிக் கடைப் பலகைகளையும் ஒன்று விடாமல் ஆங்கிலத்தில் அவருக்குப் படித்துக் காட்டினேன். அவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக்கொண்டே வந்தார்.