ஹாகர்வேனில் பிறந்த பிள்ளை

தன் பிள்ளையை எங்கே பெற்றாள் என்று யோகராணிக்கே தெரியாதாம். ஸ்காபரோவில் ஒரு குடியுரிமைக் கந்தோரில், கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அதிகாரி அப்படித்தான் சொன்னான். 1998 பங்குனி மாதம் அது. மல்வேர்னிலிருந்து இரண்டு பஸ் மாறி, வேலைக்கு லீவு போட்டு, மூன்றாம் தரமாக அவள் வந்திருந்தாள்.

கனடாவுக்கு வருமுன் அவளும் புருஷன் தியாகலிங்கமும் நாலு வருஷம் ஹொலண்டில் அகதியாக இருந்தவர்கள். அங்கே கொண்டுபோய் இறக்கிய ஊர் ஹாகர்வேன். ஒரு தேவாலயம், நாற்பது வீடு, மிச்சமெல்லாம் மாடு. மகள் நிலாணி அங்கே அவர்கள் இருந்த வீட்டு மேல்மாடியில்தான் பிறந்தாள். மருத்துவிச்சி மழைக்குள் சைக்கிளில் வந்தாள். பக்கத்து வீட்டுக்காரி சீனி பூசிய பெருஞ்சீரகம் தூவிய ரஸ்க்கைக் கொண்டுவந்து, பிள்ளை பெற்றவள் இதைத்தான் தின்ன வேண்டும் என்று தீத்தியும் விட்டாள். இதையெல்லாம் ஒருத்தி மறப்பாளா?

பதிவு மட்டும் வேறு இடத்தில். ஹாகர்வேனோடு சேர்த்து ஆறு ஊருக்கும் பொதுவாக எல்டர்மார் என்றொரு உள்ளூராட்சிச் சபை. அந்த ஆறில் ஒரு ஊருக்கும் அந்தப் பெயர் இல்லை. ஆனால் பிறப்புச் சான்றிதழில் சபையின் பெயரைத்தான் போடுவார்கள். யோகராணி குடியுரிமைப் படிவத்தில் ஊரை எழுதினாள். வேறு எதை எழுதுவது?

இரண்டும் பொருந்தவில்லையாம். தாய்க்கும் தகப்பனுக்கும் சத்தியப்பிரமாணத் திகதி கொடுத்துவிட்டு, ஒன்பது வயதுப் பிள்ளையின் விண்ணப்பத்தை மட்டும் நிறுத்தி வைத்தார்கள். விளக்கம் கேட்டு எல்டர்மாருக்கு எழுதினாள். அந்தச் சபையைத் தை மாதத்தோடு கலைத்து, பக்கத்துச் சபைகளோடு சேர்த்து மிட்டன்வெல்ட் என்று பெயர் வைத்துவிட்டார்களாம். பதில் அந்தப் புதுப் பெயரில் வந்தது.

"ஒரு பிள்ளைக்கு மூன்று பிறந்த இடமா? இதில் எது பொய்?" என்றான் அதிகாரி.

யோகராணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மொழிபெயர்க்க வந்த அயல்வீட்டு அன்புராசாவிடம் திரும்பினாள்.

"பெத்தவள் நான். என்னைப் பொய்க்காரி எண்டு சொல்ல உவர் ஆர் எண்டு கேளுங்கோ அண்ணை."

அன்புராசா குனிந்து, பவ்வியமாக ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். அதில் "பிளீஸ்" இரண்டு தரமும் "சேர்" மூன்று தரமும் வந்தன.

"நான் எங்கை அண்ணை பிளீஸ் சொன்னனான்?"

"கோவப்பட்டால் அலுவல் கெட்டுப்போம், தங்கச்சி."

"இனி என்ன கெடக் கிடக்கு? நீங்கள் கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ."

தனக்குத் தெரிந்த அரைகுறை ஆங்கிலத்தோடு கண்ணாடிக்குக் கிட்டப் போனாள்.

"நீ எங்கே பிறந்தாய்?"

அதிகாரி திகைத்தான். "இங்கேதான். ஸ்காபரோ."

"ஸ்காபரோ எங்கே? அந்த மாநகரத்தையும் இந்தத் தை மாதம்தானே கலைத்து டொரொன்டோவோடு சேர்த்தார்கள்? உன் சான்றிதழும் பொய்யா?"

அவன் முகம் சிவந்தது. "யார் கலைத்தால் என்ன? எனக்கு அது ஸ்காபரோதான்," என்றான் சூடாக.

"எனக்கு இது ஹாகர்வேன்தான்."

கியூவில் நின்றவர்கள் எல்லோரும் இவர்களையே பார்த்தார்கள். அவன் நிலாணியின் படிவத்தை இழுத்துப் பேனையைத் திறந்தான்.

"அந்த ஊரை எழுத்துக்கூட்டிச் சொல்லுங்கள்," என்றான். "பிளீஸ்."