கபரக்கொய்யானும் மூஞ்சூறும் வந்த நாள்

கார்த்திகை மழையில் கடலேரி பொங்கி, கொழும்புத்துறையில் எங்கள் வளவுக்குள் கணுக்காலளவு தண்ணீர் நின்றது. கணவர் வேலைக்குப் போயிருந்தார். நான்கு வயது மகளுக்குச் சோறு தீத்திவிட்டுத் திரும்பினால், குசினி வாசலில் ஒரு கபரக்கொய்யான், தண்ணீரில் திரியும் பெரிய உடும்பு. என்னைவிட நீளம்.

மகளைத் தூக்கிக்கொண்டு கட்டிலில் ஏறினேன். அது நாக்கை நீட்டி நீட்டி அறைக்குள் வந்தது. தலையணைக்குக் கீழே கிடந்த கைபேசியை எடுத்து, பக்கத்து வீட்டில் இருக்கும் கடற்றொழில் செய்யும் அண்ணையை அழைத்தேன்.

"கட்டிலை விட்டு இறங்காதை பிள்ளை. கலைக்கவும் வேண்டாம். வாறன்."

வந்தவர் பின்கதவை அகலத் திறந்துவிட்டு, தள்ளி நின்று ஒரு கம்பால் சுவரில் தட்டினார். அது திரும்பிய வேகத்தில் வால்பட்டுக் கதிரை கவிழ்ந்தது. பிறகு வெளியே போய்த் தண்ணீருக்குள் இறங்கிவிட்டது.

"உதுக்கும் பயம்தான். வழி கிடைச்சா நிக்காது" என்றார்.

கதவு, யன்னல் எல்லாவற்றையும் பூட்டிவிட்டு மகளை நித்திரையாக்கினேன். கொஞ்ச நேரத்தில் அவள் வீறிட்டாள். தலையணையோரம் ஒரு மூஞ்சூறு கீச்சிட்டபடி ஓடியது. வெள்ளத்துக்குப் பயந்து அதுவும் எப்போதோ உள்ளே வந்திருக்க வேண்டும். கட்டிலெல்லாம் அதன் நாற்றம். மகளின் சின்னவிரலில் இரத்தம்.

சத்தம் கேட்டு அண்ணையின் மனைவி ஓடிவந்தா. "மூஞ்சூறுதானே, பிள்ளையாற்றை வாகனம். மஞ்சள் பூசிவிடு."

எனக்கு மனம் கேட்கவில்லை. சவர்க்காரம் போட்டுக் கழுவி, ஓட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். கபரக்கொய்யானை என்னால் பார்க்க முடிந்தது. அது போனதையும் பார்த்தேன். இது பிள்ளையின் உடம்புக்குள் எதை விட்டுப் போனது என்று யாரைக் கேட்பது?

"எது கடிச்சது?" என்று டொக்டர் கேட்டார்.

"சின்னன்" என்றாள் மகள். "பெரிய ஆள் கடிக்கேல்லை."

நடந்ததைச் சொன்னேன். அவர் ஊசி போட்டார். "மூஞ்சூறாலை விசர்நோய் வாறது குறைவு அம்மா. எண்டாலும் மிச்ச ஊசியளையும் போடுவம்."

குறைவு என்றார், இல்லை என்று சொல்லவில்லை. விசர்நாய் கடித்து வரும் அந்த நோய் வந்தால் தண்ணீர் தொண்டையில் இறங்காது என்று கேள்விப்பட்டிருந்தேன். காயம் சீக்கிரம் ஆறியது. ஊசிகளும் முடிந்தன. ஆனால் அந்த மாரி முழுக்க, மகள் தண்ணீர்க் கோப்பையை வாயில் வைக்கும்போதெல்லாம், அது தொண்டைக்குள் இறங்கும் வரை நான் மூச்சுவிடவில்லை.