தரகர் அமுக்கிப் பார்த்த பொட்டலம்

மனைவிக்காக இன்று போடி மருந்துக் கடையில் நாப்கின் வாங்கினேன். பெரிய கம்பெனிக்காரன் பெட்டியில் பூப்போட்டு, வானொலியில் விளம்பரமும் செய்கிறான். கடைக்காரரோ அதைச் செய்தித்தாளில் சுற்றி, சணலால் கட்டி, கள்ளச்சரக்குப் போல நீட்டினார்.

போடியில் கையில் பொட்டலம் இருந்தால் அது ஏலக்காய் சாம்பிள்தான். பஸ்ஸில் பக்கத்தில் இருந்த எங்கள் தெரு ஏலக்காய்த் தரகர், தன் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு, என்னுடையதைக் கேட்காமலே வாங்கி அமுக்கினார்.

"காய் ரொம்ப லேசா இருக்கே தம்பி. எந்த எஸ்டேட்டு?"

முகர்ந்தார். சணலில் நகத்தை வைத்தார்.

"பிரிக்காதீங்கண்ணே, வித்தாச்சு."

பிடுங்கிக்கொண்டு, எங்கள் ஊர் சிலமலைக்கு முன்பே இறங்கி நடந்தேன்.

வீட்டில் சொன்னால் மனைவி சிரிக்கிறாள். "அவரு வீட்டம்மாதான் இந்தக் கம்பெனியவே எனக்குச் சொன்னது. மாசாமாசம் அவருதான் வாங்கிட்டு வர்றாராம்."

அவர் மடியில் இருந்ததை நானும் ஒரு அமுக்கு அமுக்கிப் பார்த்திருக்க வேண்டாமா, சொல்லுங்கள்.