கோபுரத்தைப் பார்த்து வாங்கிய பைனாகுலர்

எட்டு வருஷத்துக்கு முன்னால், ஆனி மாதத்து முதல் சனிக்கிழமை, சாயங்காலம் ஐந்து மணி. ஆள் இரண்டு. மேஜையில் பைனாகுலர் மூன்று.

தென்காசி கோயில் பக்கத்துக் கடை. குற்றாலத்தில் சாரல் தொடங்கியிருந்ததால் காற்றெல்லாம் ஈரம்... லென்ஸைத் துடைக்கத் துடைக்க ஆவி படிந்தது.

கூட வந்த நண்பன் இசக்கிக்கு மலையடிவாரத்தில் வாழைத்தோட்டம். காட்டுப்பன்றி வந்து கன்றின் கிழங்கைத் தோண்டிப் போட்டுவிடும். எந்தப் பக்கமாக இறங்குகிறது என்று வெளிச்சம் இருக்கும்போதே பார்த்துவிட்டால், அங்கே வெடி போட்டு விரட்டலாம். அதற்கு நாங்கள் வைத்த பெயர் 'வேட்டை'. சுட்டதெல்லாம் கிடையாது.

தார்ப்பாய், சர்ச்லைட், பேட்டரி, பிளாஸ்க்... மொத்த மூட்டையும் இசக்கி முதுகில். கடைக்குள்ளும் இறக்கவில்லை.

"எறக்கி வையேம்லே."

"இருக்கட்டும். மிலிட்டரில இதவிடக் கூடத் தூக்கச் சொல்லுவான்."

அடுத்த மாதம் அவனுக்கு செலக்‌ஷன். அப்பா, அண்ணன் இரண்டு பேருமே ராணுவம். வேறு வேலையைப் பற்றி அவன் யோசித்ததே இல்லை.

அந்தக் கடையில் பைனாகுலர் வாங்குகிறவர்கள் வாசலில் நின்று கோபுரத்தைப் பார்ப்பார்கள். கலசம் தெளிவாகத் தெரிந்தால் வியாபாரம் முடிந்தது. கடைக்கார அண்ணாச்சி இருபது மடங்கு பெரிதாக்கும் ஒன்றை நீட்டினார். வேண்டாம் என்றேன். கை நடுக்கமும் இருபது மடங்காகும். பொழுது சாய்ந்தால் ஒன்றும் தெரியாது. எட்டு மடங்கு போதும்.

இசக்கி மூன்றையும் பார்த்தான்.

"எல்லாத்துலயும் வலப்பக்கம் மங்கலா இருக்குலே. அண்ணாச்சி பழசத் தாராவ."

"ஏ தம்பி, ஒம் முன்னாலதான பிரிச்சேன்!" என்றார் அண்ணாச்சி.

நான் பார்த்தேன். மூன்றும் பளிச்சென்று இருந்தன. வலது கண் வைக்கும் பக்கம் ஒரு வளையம் உண்டு. இரண்டு கண்ணுக்கும் பவர் வித்தியாசம் இருந்தால் சரிசெய்ய. எட்டு மடங்கு பைனாகுலரில் அதைத் திருப்பச் சொன்னேன். திருப்பினான்... திருப்பிக்கொண்டே போனான். கடைசிவரை போய் நின்றது.

"இப்பத் தெரியுதுலே!"

"அப்பக் கோளாறு இதுல இல்ல. ஒன் வலது கண்ணுல."

சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வராது.

அவன் பைனாகுலரை இறக்கவில்லை. கோபுரத்தைப் பார்த்தபடியே கேட்டான்.

"கண்ணாடி போட்டா மிலிட்டரில எடுப்பானா?"

"இந்த அளவுக்குன்னா... எடுக்க மாட்டான்."

பிறகு மூட்டையைக் கீழே வைத்தான்.

"இதையே வாங்கிருவோம். இதுல எனக்குக் கலசம் தெரியுது."

அன்றைக்குப் பன்றி வரவில்லை. மூட்டையை நான்தான் தூக்கி வந்தேன்.

இப்போது தோட்டத்தைச் சுற்றி சோலார் வேலி. பைனாகுலர் பீரோவுக்குள். இசக்கி சுரண்டையில் வாழைத்தார் கடை வைத்து நன்றாகத்தான் இருக்கிறான். நான் சென்னையில் நாள் முழுக்க ஸ்கிரீனைப் பார்க்கிறேன். இன்று எதையும் ரிவ்யூ படித்து வாங்குகிறோம்... அன்று ஈரக்காற்றில் நின்று, நம் கண்ணால் பார்த்து வாங்கினோம்.

நேற்று போனில் சிரித்துக்கொண்டே சொன்னான்.

"எம் மவ போலீஸ் ஆவப் போறாளாம்லே. ஆனா டிவிய ஒட்டி நின்னுதான் பாக்குதா. சொன்னாக் கேக்க மாட்டுக்கா."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுக்கு ஐந்து வயது. அந்த வயதில் இவன் கண்ணை யாரும் பார்க்கவில்லை.

செய்யப்போவது:

1. வெள்ளிக்கிழமை ஊருக்கு பஸ்.
2. சனிக்கிழமை பிள்ளையைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போவது. ஒரு கண்ணை மூடி, ஒவ்வொரு கண்ணாக.
3. "பச்சப்பிள்ளைக்குக் கண்ணாடியாலே?" என்று இசக்கி கத்துவான். கத்தட்டும்.