இரண்டு இலைக் காத்தாடி

சேலத்துக்கு மேலே மலையில் கொட்டச்சேட்டுப் பக்கம் எங்கள் எஸ்டேட் குளத்தில் ஒரு தட்டைப் படகு உண்டு. காப்பிப் பூவுக்குத் தண்ணீர் இறைக்கிற பம்பின் வாய் அடைபடாமல் பாசி வாருவதற்காக வாங்கிப் போட்டது. என் வீட்டுக்காரர் அங்கே கணக்கு எழுதுகிற ரைட்டராக இருந்தார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அதில் என்னை ஏற்றிக்கொண்டு துடுப்புப் போடுவார்.

துடுப்புப் போடுகிறவர் போகிற திசைக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார வேண்டும். அதனால் அவர் முகம் எப்போதும் என்னைப் பார்த்தே இருக்கும். வழி சொல்வது என் வேலை. "கட்டை வருதுங்க, சோத்தாங்கைப் பக்கம் தள்ளுங்க" என்பேன். "யாரு சோத்தாங்கை புள்ள, உன்னுதா என்னுதா?" என்பார். அதற்குள் படகு கட்டையில் முட்டியிருக்கும். ஆனாலும் முப்பது வருஷம் அவருக்குக் கண்ணாக இருந்தவள் நான் என்று எல்லாரிடமும் பீற்றிக்கொள்வேன்.

ஓய்வு பெற்ற மறுவருஷம் அவருடைய வலது தோள் இறுகிப்போயிற்று. சட்டை மாட்டவே நான் வேண்டும். முதலாளி படகை எங்களுக்கே கொடுத்திருந்தார். அது கரையில் கவிழ்ந்து கிடந்தது. இரண்டு வருஷம் குளத்துப் பக்கமே போகவில்லை மனுஷர். பஸ்ஸுக்குப் போவதென்றாலும் சுற்றிக்கொண்டு போவார். அவ்வளவு வீம்பு. அவரை மறுபடி தண்ணீரில் இறக்காமல் விடுவதில்லை என்று எனக்கும் வீம்பு பிடித்தது.

சேலத்தில் ஒரு கடையில் படகுக்கு மாட்டுகிற சின்ன கரண்ட் மோட்டார் இருந்தது. இன்வெர்ட்டர் பேட்டரியில் ஓடும். அதன் முனையில் சுழன்று தண்ணீரைத் தள்ளுகிற காத்தாடிகள் இரண்டைக் கடைக்காரர் மேஜையில் வைத்தார்.

"மூணு இலை அலுங்காம தள்ளுமுங்க. ரெண்டு இலை பாசியை ஒதுக்கிட்டுப் போகும். உங்க குளத்துல பாசி இருக்குதுங்களா?"

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "எங்க குளத்துலயா? அடியில கெடக்கிற கல்லு தெரியுமுங்க!" என்றேன். வீட்டு ஃபேனுக்கே மூன்று இலை இருக்கும்போது இரண்டை வாங்குவானேன் என்றும் தோன்றியது. மூன்றையே வாங்கி வந்தேன்.

"உன்ற தொல்லைக்காவத்தான் ஏறுறேன்" என்று சொல்லிப் படகில் ஏறினார் வீட்டுக்காரர். பத்து பதினைந்து கஜம் போயிருப்போம். மோட்டார் முனகி நின்றுவிட்டது. இடது கையால் அதைத் தூக்கினார். தலை வாரிய சீப்பைப் போலக் காத்தாடி முழுக்கப் பாசி சுற்றியிருந்தது.

"பாசி இல்லீன்னா சொன்னே கடையில?"

"நான் பாத்த வரைக்கும் இல்லீங்களே."

சிரித்துவிட்டார். தோள் விழுந்த பிறகு அன்றுதான் அந்தச் சிரிப்பைப் பார்க்கிறேன். "பம்புக்கு வருஷத்துக்கு ரெண்டு தடவ வாருனாப் போதும் புள்ள. சனிக்கெழமயானா நான் எதுக்கு வாரிப்போட்டேன்? மறுநாள் நீ வருவீன்னுதான்."

சனிக்கிழமை சாயங்காலங்களில் நனைந்த காலோடு வீட்டுக்கு வருவார். மீன் பிடிக்கப் போகிறார் என்று நினைத்து, "ஒரு குரவை மீனுக்குக் கூட வழியில்லாத மீன்காரரு" என்று எத்தனை சண்டை போட்டிருக்கிறேன்! ஒரு நாளும் மறுத்துச் சொன்னதில்லை. எனக்கு வெட்கமாகவும் அழுகையாகவும் வந்தது. அதைக் காட்டாமல் துடுப்பை எடுத்தேன். இருந்த இடத்திலேயே நாலு சுற்றுச் சுற்றிவிட்டு எப்படியோ கரை சேர்ந்தோம்.

அடுத்த வாரம் கடைக்காரரிடம், "பாசி நொம்ப இருக்குதுங்க" என்று ஒப்புக்கொண்டு இரண்டு இலையை வாங்கி வந்தேன். அது பாசியை விலக்கிக்கொண்டு சுகமாகப் போயிற்று. அவர் பின்னால் மோட்டார் பக்கம் உட்கார்ந்து இடது கையால் திருப்பினார். நான் அவருக்கு முதுகைக் காட்டி முன்னால் இருந்தேன். கட்டை வந்தது, அவரே பார்த்து ஒதுக்கிவிட்டார். வழி சொல்ல ஒன்றுமில்லை. எதிரே தண்ணீரும் சில்வர் ஓக் மரங்களும்தான். ஆசைப்பட்டு வாங்கிய மோட்டார் மேல் எனக்கு எரிச்சல் வந்தது. சட்டென்று எழுந்து திரும்பினேன். படகு ஆடியது.

"ஏம் புள்ள, கவுத்துருவியாட்ட இருக்குது! முன்னால பாத்து உக்காரு."

"முன்னால நீங்க பாருங்க" என்று சொல்லி, அவர் முகத்தைப் பார்த்து உட்கார்ந்துகொண்டேன்.